ஒரு சொட்டும் சிந்தாமல்

பஸ்ஸுக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருக்கும் டிரைவர் அண்ணனின் கால்கள்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன. கால்மாட்டில் ஒரு கூடை உமி இருக்கும். பக்கத்தில் ஒரு பித்தளைப் பீச்சாங்குழல், விளிம்பு மடக்கிய அகலமான தகரத் தட்டு, கிழிந்த வேட்டித் துணிகள். கியர் பெட்டியின் பழைய எண்ணெயை மாற்ற அரைநாள் எடுத்துக்கொண்ட டிரைவர் கம்பம் ரோட்டில் அவர் ஒருவர்தான். மற்ற டிரைவர்களுக்கு அது வேடிக்கை. “அண்ணன் பிரசவம் பாக்குறாகப்பா” என்று ஒருமுறை ஒருவன் சொன்னான். அவனுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் தரையில் விழுந்த ஒரு சொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்பு, தேனிக்கும் கம்பத்துக்கும் ஓடிய பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். அவருடைய வீடு அனுமந்தன்பட்டியில் ரோட்டை ஒட்டி இருந்தது. மத்தியானம் இரண்டு டிரிப்புக்கு நடுவில் வண்டி அவர் வாசலில்தான் நிற்கும். மதினி எனக்கும் சேர்த்தே உலை வைப்பார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் முழுகாமல் இருந்தார். ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காரணமே இல்லாமல் ஹாரனை அடித்துச் சிரித்த நாட்கள் அவை.

அன்றைக்குக் கியர் பெட்டி எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. வண்டி ஓடி வந்த சூட்டோடு அடித்திருகைக் கழற்றினால்தான் அந்தக் கெட்டி எண்ணெய் இளகி ஓடும். எண்ணெய் பிடிக்கும் சட்டியை நேர் கீழே வைத்தால் போதாது. முதல் வீச்சு சாய்ந்து பாயும். இதெல்லாம் அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார். “நீங்க சாப்பிடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று நான்தான் வண்டிக்கு அடியில் போனேன். திருகு விரலைச் சுட்டது. கையை உதறினேன். முழங்கை பட்டுச் சட்டி கவிழ்ந்தது. வாசலுக்கு வரும் நடைபாதை முழுக்கக் கறுப்பாக எண்ணெய் பரவியது. டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. அவசர அவசரமாக மண்ணை அள்ளித் தூவினேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “கொட்டிருச்சாடா?”

“கொஞ்சந்தாண்ணே. மண்ணப் போட்டு மூடிட்டேன்.”

அவர் குனிந்து பார்க்கவில்லை. புது எண்ணெயை ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தோம்.

வாய்க்காலில் இருந்து தண்ணீர்க் குடத்தோடு திரும்பிய மதினி அந்த மண்ணில்தான் கால் வைத்தார். மண்ணுக்குக் கீழே எண்ணெய் அப்படியே இருந்தது. சாயங்காலம் நாங்கள் வந்தபோது வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். உடைந்த குடத்தின் ஓடுகளை யாரோ ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். பெண் குழந்தை. இறந்தே பிறந்தது.

“அண்ணே, நாந்தான்...” என்று தொடங்கினேன். அவர் என் தோளை அழுத்தினார். “இப்ப ஒண்ணும் பேசாத. போ, வண்டியக் கழுவு” என்றார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

அடுத்த தடவை எண்ணெய் மாற்ற அவர் என்னை வண்டிக்கு அடியில் விடவில்லை. மேல் துளை வழியாகப் பீச்சாங்குழலை விட்டு, பழைய எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித் தகரடப்பாவில் சேர்த்தார். மிச்சம் இருப்பதற்காக மட்டும் அடித்திருகைத் தொட்டார். தரையில் தட்டு, தட்டைச் சுற்றி உமி. புது எண்ணெயை, வண்டிக்குள் கால் பலகையைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாய் மாட்டிய புனலில் ஊற்றினார். முடிந்ததும் அந்த இடத்தில் வெறுங்காலால் நடந்து பார்ப்பார். பிறகு மறுபடியும் நடப்பார்.

மதினி எனக்கு முன்போலவே சோறு போட்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் அண்ணனிடம் நேராகப் பேசவில்லை. “உங்க அண்ணனச் சாப்பிடச் சொல்லுங்க தம்பி” என்பார், அண்ணன் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. நானும் சொல்வேன். துக்கம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாக ஆக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாகப் பேசத் தொடங்கினார். ஆனால் பிள்ளை மறுபடி உண்டாகவில்லை.

யுத்தம் முடியப்போகிற சமயத்தில் அண்ணனுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. கொயினா மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. எட்டே நாளில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள், சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மதினியைப் பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நான் ரொம்பக் கொடுமக்காரி தம்பி” என்றார். “அன்னைக்கே எங்கிட்ட வந்து சொன்னாக, ‘நாந்தேன் எண்ணெயக் கொட்டிட்டேன், பாக்காமப் போயிட்டேன்’னு. காலப் பிடிச்சு அழுதாக. நான் ஒரு வருசம் அவுக மூஞ்சியப் பாத்துப் பேசல.”

அந்த வீட்டில் நான் தின்ற ஒவ்வொரு வாய்ச் சோறும் கண்முன் வந்தது.

“மதினி, கொட்டுனது நான். அண்ணன் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. மண்ணப் போட்டு மூடுனதும் நாந்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இத்தனை வயதில் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சத்தமே இல்லாத குரலில் கேட்டார்:

“இத அவுக இருக்கையிலயே சொல்லியிருக்கலாம்ல, தம்பி?”