ஓட்டக்காரருக்கு அண்ணன்

உள்ளங்கையால் ஓர் அழுத்து, ஒரு புரட்டு, பலகையில் ஓர் அறை. மாவு பிசையும்போதுதான் அவருக்குத் தம்பியின் ஞாபகம் வரும். அந்த அறை யாருக்கு விழுகிறது என்று மனைவிக்குத் தெரியும். சுவரில் மாட்டிய டிவியில் தம்பியின் பேட்டி வந்துவிட்டால் இன்னும் பலமாக விழும். அன்றைக்கு ரொட்டி நன்றாக உப்பி வரும் என்பது வேறு விஷயம்.

பேக்கரிக்காரருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. முன்கையெல்லாம் சூட்டுத் தழும்பு. புருவத்தில் எப்போதும் மாவு. கடை அவருடையது, அடுப்பு அவருடையது. ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் “ஓட்டக்காரரோட அண்ணன்”. வயிற்றெரிச்சல்தான். அவரே அதை மறைப்பதில்லை.

தம்பி நெடுந்தூர ஓட்டக்காரர். நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தவர். பேட்டி எடுப்பவர்கள் எல்லாரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்த உயரத்துக்கு வர எதையெல்லாம் தியாகம் செய்தீர்கள்? தம்பியும் தலையைச் சாய்த்துக்கொண்டு தூக்கம், இனிப்பு, சிநேகிதர்களின் கல்யாணம் என்று அடுக்குவார்.

அந்த ஒரு சொல்தான் அண்ணனுக்கு ஆகாது.

“தியாகமாம், தியாகம்! விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறானாம். அவன் எந்திரிக்கறப்ப என் அடுப்புல ரெண்டு தட்டு பன் வெந்து வெளிய வந்திருக்கும். அவன் எந்திரிச்சா தியாகம், நான் எந்திரிச்சா வேலையா?”

ரொட்டி வாங்க வருகிறவர்களிடமும் இதே வழக்குதான். “பெரிசா ஒண்ணு கிடைக்கும்னு சின்னதா ஒண்ண விடறது வியாபாரங்க. அதுக்குப் போயி கை தட்டறீங்களே!”

“தம்பி ஓடறாரு, உங்களுக்கு ஏங்க மூச்சு வாங்குது?” என்பார் கல்லாவில் இருக்கும் மனைவி.

தம்பிக்குப் பந்தயம் என்றால் கடையைப் பாதி சாத்திவிட்டு முதல் ஆளாக டிவி முன்னால் உட்காருபவரும் இவர்தான். கடைசிச் சுற்றில் நகத்தைக் கடித்துத் துப்புவார். தம்பி ஜெயித்ததும் ஒரு நிமிஷம் முகம் மலரும்; அடுத்த நிமிஷம் வயிறு காந்தும்.

போன வாரம் அந்தத் தம்பி கடைக்கே வந்துவிட்டார். கூட்டம் சூழ்ந்து படமெல்லாம் எடுத்து ஓய்ந்த பிறகு, உள்ளே வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். அண்ணன் சூடான பன் ஒன்றை நீட்டினார். தம்பி வாங்கிக் கண்ணை மூடி முகர்ந்தார். தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். பந்தயம் வருகிறதாம்.

இத்தனை வருஷமாக மென்று விழுங்கிய கேள்வி அண்ணன் வாயிலிருந்து வெளியே வந்தது. “உண்மையச் சொல்லுடா. இதையெல்லாம் விடறது உனக்குக் கஷ்டமாவா இருக்கு?”

தம்பி வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “யார்கிட்டயும் சொல்லிடாதண்ணே. கஷ்டமே இல்ல. ஓட ஆரம்பிச்சிட்டா வேற எதுவுமே வேணும்னு தோணாது. இல்லைன்னு சொன்னா திமிருன்னு நினைப்பாங்க. அதான் கேக்கறப்ப ஏதாவது சொல்லி வைக்கிறேன்.”

வழக்கில் ஜெயித்தவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் துடைக்கக்கூட மறந்து நின்றார். தம்பி கஷ்டப்பட்டிருந்தால் பாவம் என்றாவது நினைத்துக்கொள்ளலாம். இதை என்ன செய்வது? வேறு எதுவுமே வேண்டாம் என்னும்படி ஒன்று அவனுக்கு வாய்த்திருக்கிறது. இவருக்கு வாய்த்தது அப்பா விட்டுப்போன அடுப்பு. பிடித்ததா என்று அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை. பதக்கத்துக்காக இத்தனை நாள் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தம்பியின் கார் தெருமுனை திரும்பியதும் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் ரொட்டி வாங்க வந்தார். “உங்க தம்பிய இப்பத்தான் பாத்தேன். எவ்வளவு தியாகம் பண்ணியிருக்காரு, இல்லீங்களா?”

இனி வழக்குத் தொடங்கும் என்று மனைவி கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“ஆமாங்க” என்றார் பேக்கரிக்காரர். “பாவம், ரொம்பக் கஷ்டம் அவனுக்கு.”

சொல்லிவிட்டு, தம்பி முகர்ந்து வைத்துவிட்டுப் போன பன்னை எடுத்து, ஒரே கடியில் பாதியைக் கடித்தார்.