எங்கள் வீட்டு அயர்லாந்து

மார்ச் பதினேழாம் தேதி காலையில் அப்பா கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய்ப் புளியாரை பறிப்பார். மூன்று மூன்று இலையாகப் படரும் சின்னக் கீரை அது. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் புனிதரின் திருநாளன்று சட்டையில் குத்திக்கொள்வதும் மூன்று இலைச் செடிதானாம். எங்கள் மண்ணூர்ப் பக்கம் அதற்கு எங்கே போவது? புளியாரை போதும் என்று அப்பாவே அனுமதி கொடுத்துக்கொண்டார். ஒன்பது மணி வெயிலுக்குள் அது அவர் பச்சைச் சட்டைப் பையில் வாடித் தொங்கும்.

எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா, பரங்கிமலைப் பட்டாளத்துக்குக் கப்பலில் வந்த அயர்லாந்துச் சிப்பாய். இது வீட்டு நம்பிக்கை. எங்கள் எல்லார் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அயர்லாந்துக் குடும்பப் பெயர்தான் ஆதாரம். மற்றபடி கண்ணாடியில் பார்த்தால் நாங்கள் அசல் செங்கல்பட்டு ஜில்லா.

இந்தத் திருநாள் வேறு சரியாகத் தவக்காலத்தில் வந்து தொலைக்கும். அப்பாவுக்கு மாட்டுக்கறி ஸ்டூ வேண்டும். அம்மா நாற்பது நாளும் கறி தொடமாட்டாள், எங்களையும் தொடவிடமாட்டாள்.

"அந்த ஊர்ல பிஷப்பே அன்னிக்கு ஒரு நாள் துன்னலாம்னு சொல்லிட்றாரு" என்பார் அப்பா.

"அந்த பிஷப் நம்ம வூட்டுக்கு வந்து சொல்லட்டும், அடுப்ப பத்த வெக்கிறேன்" என்பாள் அம்மா.

ஆக, வருடா வருடம் உருளைக்கிழங்கும் கோஸும் மட்டும் மிதக்கும் ஸ்டூ. அப்பா ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். விறைப்பாக எழுந்து நின்று, கப்பலில் வந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும்.

நான் ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். என்னோடு லைனில் நிற்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒரு நாள் கேன்டீனில், "எக்கா, நீங்க என்ன ஆளுவ?" என்று கேட்டாள். அவள் ஊரைக் கேட்கவில்லை, ஜாதியைக் கேட்டாள். "அயர்லாந்து ஆளுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அந்தப் பதில் எத்தனை சௌகரியமானது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. வீடு திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அயர்லாந்துல எந்த ஊருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா. சாவறதுக்குள்ள அந்த ஊர் சாமியாருக்கு ஒரு லெட்டர் போட்டுடுவேன். நீ கம்பெனில தேடற வேலைதான பண்ணிக்கினு கீற, இதையும் தேடு."

அவர் சொன்னது சரிதான். வண்டியில் ஒரு பாகம் உடைந்தால், அதில் குத்தியிருக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த மெஷின், எந்த இரும்பு என்று பின்னால் போவது என் வேலை. ஒரு கட்டத்தையும் தாண்டக் கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

பரங்கிமலைப் பட்டாளப் பகுதியில் இருக்கும் பழைய மாதா கோயில் ஒன்றில் பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஞானஸ்நானப் பேரேடுகளைப் புரட்டினேன். மூன்றாவது சனிக்கிழமை எங்கள் குடும்பப் பெயர் கிடைத்தது. தாத்தாவுக்குத் தாத்தா அதில் ஆறு வயதுப் பையன். கோயிலின் அநாதைப் பிள்ளைகள் மடத்தில் சேர்க்கப்பட்டவன். தகப்பன் கூலி, இறந்துவிட்டான். ஊர் வல்லம். ஜாதி என்று ஒரு கட்டம் இருந்தது, அதையும் நிரப்பியிருந்தார்கள். இன்றைக்குக் காலனி என்று ஒதுக்கி வைக்கிறார்களே, அந்தப் பக்கத்து ஜனம்.

அயர்லாந்துச் சிப்பாயும் அதே வரியில் இருந்தார், ஞானத்தகப்பன் என்ற கட்டத்தில். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவரின் பெயரை வைப்பது எங்களிடம் இன்றும் உண்டு. இந்தப் பையனுக்கு அவருடைய குடும்பப் பெயரையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் எங்கள் அயர்லாந்து. வல்லத்தைத் தாண்டித்தான் என் கம்பெனி பஸ் தினமும் போகிறது.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம், இன்னும் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். மார்ச் பதினேழு வந்தது. அவர் எழுந்து நின்று பேசியபோது எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாள் காலை, அம்மா பூசைக்குப் போயிருந்த நேரத்தில், போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். ஜாதிக் கட்டத்தில் வெகுநேரம் நின்றார்.

"டிரெய்னிங் ஸ்கூல்ல சேந்த அன்னிக்கு ரூம்ல கேட்டானுங்க, நீ இன்னா ஆளுன்னு. அயர்லாந்துன்னேன். வுழுந்து வுழுந்து சிரிச்சானுங்க. சிரிச்சிட்டு, தண்ணிப் பானையாண்ட என்னையும் வுட்டுட்டானுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கேன்டீனில் நான் சொன்ன பதிலும் அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். படத்தைக் காட்டாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது அவர் கேட்டார்:

"அந்தப் புள்ளயோட அம்மா பேரு போட்டுகீதா?"

எனக்குச் சுருக்கென்றது. படத்தில் அந்தக் கட்டம் இல்லை. தகப்பன், தாத்தா, சிப்பாய் என்று ஆண்கள் வழியே போன நான், தாயின் பெயரைப் படிக்கவும் இல்லை, படத்தில் எடுக்கவும் இல்லை. கம்பெனியில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டுகிற வரைக்கும் அவர் என் போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பங்குச் சாமியார் அதே பேரேட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனார்.

தாயின் பெயர் இருந்தது. பக்கத்தில், உயிரோடிருக்கிறாள் என்று எழுதியிருந்தது. பையனை மடத்தில் கொண்டுவந்து விட்டவளே அவள்தான். சம்மதத்துக்குக் கையெழுத்து போடவேண்டிய இடத்தில், மையில் கோணலாக ஒரு சிலுவைக் கீறல்.

அப்பா அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"உயிரோட இருந்துக்கினேதான் வுட்டுட்டுப் போயிருக்கா."

"பசிப்பா" என்றேன். அவர் அழுதார். டிரில் மாஸ்டர் அழுது நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரேட்டை என் பக்கம் தள்ளினார்.

"அப்புறம் புள்ளயப் பாக்க வந்தாளான்னு போட்டுகீதா, பாரும்மா."

அதற்கு அந்தப் பேரேட்டில் கட்டம் இல்லை. இருந்தும் நான் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.