தென்னேரியில் பார்க்க வேண்டியவை

தென்னேரிக்குப் போனால் என்னென்ன செய்யலாம் என்று என் மகள் கைப்பேசியில் ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருந்தாள். ஏரிக்கரையில் நடப்பது, பறவை பார்ப்பது, பரிசலில் ஒரு சுற்று, ஏரி மீன் வறுவல், கடைசியில் சூரியன் மறைவது. ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போகிறவள். எதையும் லிஸ்ட் போடாமல் செய்யமாட்டாள். வாலாஜாபாத்தைத் தாண்டினால் வந்துவிடுகிற ஏரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கிண்டல் செய்தேன். "மார்கழி மாசம், அதுவும் அமாவாசை. மீன மொதல்ல எடுத்துடு" என்றேன். முனகிக்கொண்டே அழித்தாள்.

போகவேண்டும் என்று கேட்டது அவள் இல்லை, அவள் அப்பா. மறுநாள் திங்கட்கிழமை சென்னையில் அவருக்குக் கண் ஆபரேஷன். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக் குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கிறது, வலது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இடது கண்ணையாவது ஆபரேஷனில் காப்பாற்றப் பார்க்கலாம் என்று எங்கள் ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "கட்டுப் போட்டுட்டா அப்பறம் எப்படியோ என்னமோ. அதுக்கு முன்னாடி பெரிசா எதையாவது பாத்துடணும்மா. தறியையும் செவுத்தையும் பாத்தே காலம் போயிடுச்சி" என்றார். அமாவாசையில் எங்கள் தெருவில் தறி ஓடாது. எங்களுக்கு அதுதான் லீவு. அதனால் கிளம்பினோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆடி மாதமே அவர் என்னிடம் சொன்னார். ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு, "கண்ணு முன்னாடி கறுப்பா என்னமோ ஓடுதும்மா, கொசு மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா" என்றார். தறியில் அப்போதுதான் நீளவாக்கு இழைகளை, புதுப் பாவு, ஏற்றியிருந்தோம். ஒரு பாவில் மூன்று சேலை வரும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் இழை தளரும், திரும்பி உட்காரும்போது நெசவு ஒரே மாதிரி வராது. எங்கள் தெருவில் காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் முதலில் கேட்பது பாவு எந்த அளவில் இருக்கிறது என்றுதான். நானும் அதே வாயால்தான் சொன்னேன். "பாவு முடியட்டும், போலாம்."

அந்தப் பாவு முடிந்தபோது தீபாவளிச் சேலைகளுக்கான பாவு வந்து நின்றது. அதுவும் முடியட்டும் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கார்த்திகையில் ஒரு காலை எழுந்தவர் வலது பக்கம் முழுக்கத் திரை போட்டது போல இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம்.

ஷேர் ஆட்டோ எங்களை ஏரிக்கரை அடியில் இறக்கிவிட்டது. கரை மேல் ஏறியதும் என் மகள் வாயைப் பிளந்தாள். நானும்தான். மழைக்கு ஏரி நிரம்பி, எதிர்க்கரை பனைமரங்கள் வரை ஒரே தண்ணீர். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு தடவையும் வராமல் இருந்திருக்கிறோமே என்று எனக்கு எங்கள் மேலேயே கோபம் வந்தது. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மதகு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அதன் பிறகு, நிரம்பிய தண்ணீர் வழிந்து ஓடுகிற கலங்கல் பக்கமாக நடந்தோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "புது மாப்ள மாதிரி கைய போட்டுக்கினு வராரு பாரு" என்று நான் சொன்னதற்கு மகள் சிரித்தாள். கரை மேடுபள்ளமாக இருக்கிறது, அதனால் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கலங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் பறவைகள் இருந்தன. தண்ணீரில் நின்ற கருவேல மரங்கள் மேல் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. கூழைக்கடா, நத்தைகொத்தி நாரை, நீர்க்காகம் என்று மகள் கைப்பேசியில் படம் பார்த்துப் பெயர் சொன்னாள். "அப்பா, அங்க பாருப்பா, நேரா. பெரிசா ஒண்ணு எழும்புது பாரு."

"அடேங்கப்பா" என்றார் அவர். "எவ்ளோ பெரிசு. என்னா கூட்டம்."

தற்செயலாக நான் அவருக்கு முன்னால் நின்றிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் ஒரே தறியில் உட்கார்கிறோம். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் குறுக்கு இழை ஓட்டுகிற நாடா தனித்தனி. உடல் நாடாவை அவர் ஓட்டுவார், கரை நாடாவை அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து நான் போடுவேன். அவருடைய முழங்கை எனக்குத் தெரியும். அது நிற்கிற விதத்திலேயே கோபமா, பசியா, இடுப்பு வலியா என்று சொல்லிவிடுவேன். முகத்தை எதிரில் நின்று பகல் வெளிச்சத்தில் பார்த்து எத்தனை நாள் ஆயிற்றோ. அன்று பார்த்தேன். பறவைகள் அவருக்கு நேராக இருந்தன. அவர் முகமோ இடப்பக்கத்துப் புதர் மேல் இருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத புதரைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு முன்னால் கேட்க முடியவில்லை.

மீன் பிடிக்கிறவர் ஒருவர் பரிசலைக் கரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் அவரிடம் கெஞ்சி ஒரு சுற்றுக்குச் சம்மதிக்க வைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் காலைத் தூக்கிவிட்டார். குழித்தறியில் மிதிகட்டையைத் தேடுவது போல அந்தக் கால் காற்றில் துழாவியது. பரிசலுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த தண்ணீரில் இறங்கியது. முழங்கால் வரை சேற்றில் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தார். பரிசல்காரர்தான் பாய்ந்து பிடித்தார்.

"என்னாண்ணா, பாத்து வெக்கக் கூடாது? கண்ணு தெரியலயா?"

பரிசல்காரர் கெட்டவர் இல்லை. எல்லாரும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"தெரியலபா" என்றார் இவர்.

சிரிக்கப் போன மகள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அவர் வேட்டியைப் பிழிய ஆரம்பித்தேன். பரிசல்காரர் எங்களோடு சேர்ந்து அவரைக் கைத்தாங்கலாகக் கரை மேல் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போனார்.

மகள் அவர் காலைக் கழுவத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அழுவதற்குத்தான் போனாள் என்று தெரியும். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"எடது கண்ணும் இல்லையா?"

"பொகையா இருக்குது. வெளிச்சம் தெரியுது. ஆளு நின்னா நெழலு மாதிரி தெரியும்."

"அப்பறம் எப்படிங்க நெய்தீங்க இத்தன நாளு?"

"கை போவுது. எழ அறுந்தா நீ புணைக்கிற."

ஆமாம், நான்தான் புணைத்தேன். அறுந்த இழையைக் கண்டுபிடித்து, சாம்பல் தொட்டு முறுக்கி இணைப்பது அவர் வேலை. ஐப்பசியிலிருந்து இடுப்பு வலிக்கிறது, நீ புணை என்று என்னிடம் தள்ளிக்கொண்டிருந்தார். நான் சும்மா செய்தேனா? ஒவ்வொரு இழைக்கும் ஒரு வசவு வைத்தேன். சோம்பேறி, சுகவாசி, உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வரவேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சேலை குறையில்லாமல் வந்தது, ஆகவே ஆளும் நன்றாக இருக்கிறார் என்று நான் இருந்துவிட்டேன். துணியைப் பார்த்தே பழகிய கண் வேறு எதைப் பார்க்கும்?

"ஆடியிலயே போயிருக்கணும்" என்றேன்.

"உடு" என்றார்.

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவர் கேட்கவில்லை. லிஸ்ட்டில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே, அதையும் முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது.

"என்னா கலரா இருக்குது?" என்று கேட்டார்.

அழகாக வர்ணிக்கிற வாய் எனக்கு இல்லை. ஆனால் கலர் சொல்லத் தெரியும். "மேல மாம்பழ கலரு. கீழ போவப் போவ அரக்கு. தண்ணி மயில் கழுத்து. கரையோரமா தேன் கலர்ல ஒரு பட்டை" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அரக்குக்கும் மயில் கழுத்துக்கும் நடுவுல என்னா இருக்குது?" என்றார். நான் உற்றுப் பார்த்துச் சொன்னேன். இருட்டும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரிடம் கோபமில்லாமல் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சென்னை. பெரிய டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கடித்து இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். தாள்களைப் புரட்டினார். ஆபரேஷன் செய்கிறேன், ஆனால் பார்வை வரும் என்று நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஆடிலேர்ந்து" என்றார் இவர்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆடியில வந்திருந்தா லேசர் வெச்சே நிறுத்தியிருக்கலாம். அஞ்சு மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு வீட்ல ஒருத்தர்கூடவா சொல்லல?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"வூட்ல இவ சொல்லிக்கினேதாம்மா இருந்தா. நான்தான் பாவு முடியட்டும், பாவு முடியட்டும்னு உட்டுட்டேன்."

என் வார்த்தை அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. டாக்டர் என்னைப் பாவமாகப் பார்த்தார். மகள் அங்கேயே உடைந்துபோய், "அம்மா சொன்னா கேட்டாத்தானப்பா நீ" என்று அழுதாள். இல்லை, நான்தான் தடுத்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். தெருவே பயப்படுகிற வாய் என்னுடையது. ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து சில நாளில் மறுபடி ரத்தம் கசிந்தது. இப்போது அவருக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியும், அவ்வளவுதான். உடல் நாடாவை நான் ஓட்டுகிறேன், கரைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வாசற்படியில் தடுக்கினாலும், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று தடவினாலும் மகளுக்கு ஆற்றாமை பொங்கிவிடும். "அம்மா அப்பவே தலபாடா அடிச்சிக்கினாங்க. நீ போயிருந்தா இந்த நெலமை வந்திருக்குமாப்பா?" என்று கேட்பாள்.

"தப்புதாம்மா. ஒங்கம்மா பேச்ச கேட்டிருக்கணும்" என்பார் அவர்.

நேற்றும் அப்படித்தான் சொன்னார். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.