குவாரிச் சாலைக்கு மட்டும் பேண்டு

லியோனி பிரூவிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை, தீயணைப்புத் தொண்டர் படையில் வயர்லெஸ், வாயில் எப்போதும் ஒரு சண்டை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் தாத்தாவை ஏற்றிக்கொண்டு தீயணைப்பு வண்டி தெருத்தெருவாக மிட்டாய் கொடுக்கப் போகும். அதில் என்ன பாட்டு ஒலிப்பது என்பதைப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் முடிவு செய்தாள். யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசி ஆறு வருடமாக முதல் பாட்டு, சுரங்கத் தொழிலாளர் பேண்டு ஒன்று வாசித்த பழைய பதிவு. நடுவில் டிரம்பெட்காரன் சுருதி விலகுவான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. காட்டுத்தீ குவாரிச் சாலையில் ஒன்பது வீடுகளைத் தின்றபோது, நோரீன் கஃபியின் வீடும் அவள் கணவரும் போனார்கள். அதே வருடம் டிசம்பரில் மிட்டாய் வண்டி சைரன் ஊதிக்கொண்டு மேட்டில் ஏற, நோரீன் செருப்புகூட இல்லாமல் தார் ரோட்டில் ஓடிவந்தாள். வண்டியின் பின்னால் நின்ற லியோனி மட்டும்தான் பார்த்தாள். அன்றே அவளுக்கு வாக்குக் கொடுத்தாள்: பேண்டு கேட்டால் மிட்டாய், சைரன் கேட்டால் தீ. நோரீனின் பயத்தைச் சந்தி சிரிக்க வைக்கக் கூடாதென்று யாரிடமும் மூச்சு விடவில்லை. படையின் பழைய கேப்டனும் காரணம் கேட்காத மனிதர்.

புதுக் கேப்டன் ப்ரெண்டன் ஹேக், முப்பத்தைந்து வயது, கேட்காமல் எதையும் செய்யாத ஜனநாயகவாதி. "இந்த வருஷம் வண்டியில என்ன பாட்டு போடலாம்? சொல்லுங்க" என்று ஊரின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதிவிட்டான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது.

"அந்த பேண்ட மட்டும் வேணாம் சாமி! மிட்டாய் வண்டியா, சவ வண்டியா?"

"டிரம்பெட்காரனுக்குப் பல்வலி போல."

"பனி பெய்யற பாட்டா போடுங்க, மனசுக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

லியோனிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. 'நாப்பது டிகிரில பனிப் பாட்டு கேக்கறவனுக்கு மூளையும் உருகிப்போச்சு' என்று எழுதினாள். அதற்கு நூறு பேர் சிரித்தார்கள், முப்பது பேர் திட்டினார்கள். பதினான்கு நாள் அவள் ஒருத்தியாக நின்று ஊரோடு மல்லுக்கட்டினாள்.

சனிக்கிழமை மதியம், வடகாற்று அனலாய் அடிக்க, தீயணைப்பு நிலையத்தில் மிட்டாய்ப் பை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"லியோனி, கோவிச்சுக்காதீங்க" என்றான் ப்ரெண்டன். "ஃபேஸ்புக்குல பேண்டுக்குப் பதினோரு ஓட்டுதான். புதுப் பாட்டுங்களே போடறோம். நடுநடுவுல சைரனும் உண்டு, பசங்களுக்கு ஒரே குஷியா இருக்கும்."

நோரீன் பேரைச் சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். லியோனியின் வாயில் வந்தது வேறு.

"சங்கீதம்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? குரங்கு கையில பூமாலையக் குடுத்த மாதிரி வண்டிய உன் கையில குடுத்திருக்காங்க!"

"சரி, நீங்க பையக் கட்டுங்க" என்று அவன் சிரித்துக்கொண்டே வண்டியேறினான். அந்தச் சிரிப்புதான் அவளைக் கொளுத்தியது.

நோரீனுக்கு ஒரு போன் போட வேண்டும் என்று கையில் எடுத்தாள். திரையில், மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தார்: 'ஒரு வழியா இந்த வருஷம் காது பொழைச்சுது.' விடுவாளா? பேண்டு வாத்தியத்தின் அருமையைப் பற்றி அவருக்கு நீளமாக ஒரு பாடம் எழுதினாள். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது குவாரிச் சாலை மேட்டுப்பக்கம் சைரன் கேட்டது.

காரை மிதித்துக்கொண்டு போனாள். நோரீனின் புது வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. யாரோ தூக்கத்தில் உளறுவதுபோல் ஒரு பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு வயது நோரீன் ஏணி உச்சியில் நின்று, கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயின் வாயை டென்னிஸ் பந்தால் அடைத்துக்கொண்டிருந்தாள். தீப்பொறி விழுந்தால் பற்றாதபடி கூரையோரத் தகர வாய்க்காலில் தண்ணீர் நிரப்பத் தோளில் ஹோஸ். கீழே கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய்ப் பையோடு வாய் பிளந்து நின்றார்.

"எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கத்தினாள் நோரீன். "சொல்லேண்டா, எந்தப் பக்கம்?"

"தீ இல்லைங்க… மிட்டாய்…" என்றான் ப்ரெண்டன். அவன் முகம் வெளுத்திருந்தது.

லியோனி அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா, பேண்டு போடுன்னு!"

"ஏன்னு சொல்லலியே லியோனி! சத்தியமா எனக்குத் தெரியாது!"

"அவனை விடு." மேலிருந்து நோரீனின் குரல். ஹோஸிலிருந்து தண்ணீர் அவள் பாவாடையை நனைத்து வழிந்தது. "நானும் ஃபேஸ்புக் பாக்கறவதான். லியோனி இருக்காளே, பாத்துப்பான்னு இருந்தேன். பதினாலு நாளு அந்த டிரம்பெட்டுக்காகச் சண்ட போட்டியே, எனக்காக ஒரு வரி எழுத முடியலியா உனக்கு?"

"உன் மானம் போயிடுமேன்னுதான்…"

"புருஷன் எரிஞ்சு செத்தான், எனக்குப் பயம். இதுல என்னடி மானம்?"

லியோனிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொட்ட இப்போது வேறு ஆள் இல்லை. சட்டையை விட்டாள். நோரீன் இறங்கத் தொடங்கியதும் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு" என்றாள் நோரீன். "ப்ரெண்டன், நீ வந்து பிடி."