கடைக்காரரின் மகன்

போன வாரம் பிளானோ வீட்டில் பழைய பாஸ்போர்ட்டைத் தேடும்போது, மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டை கீழே விழுந்தது. என் மகள் எடுத்து, அதில் நான் எழுதி வைத்திருந்த ஊரைப் படித்தாள். "அப்பா, யூ வென்ட் டு யுகாண்டா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவுக்கு வந்த புதிதில், இர்விங்கில் இருந்தேன். கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து மேசை கேரல்தான் தினமும் என்னை ஆபீசுக்கு ஏற்றிப் போவார். அறுபதை நெருங்கியவர், அவர் காரில் எப்போதும் பெப்பர்மின்ட் வாசனை. அவருடைய சர்ச்சிலிருந்து சிலர் யுகாண்டாவில் ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள், நீயும் வாயேன் என்றார். அத்தனை நாள் ஓசிச் சவாரி செய்தவன் எப்படி மறுப்பது? ரூம்மேட் செந்தில், "டேய், நெத்தியில விபூதிய வெச்சுக்கிட்டு மிஷன் ட்ரிப்பா?" என்று சிரித்தான்.

அங்கே நான் சுமந்த செங்கல்லைவிட உடைத்தது அதிகம். சிமென்ட் குழைக்கும் இடத்துக்கு எதிரே தகரக்கூரை போட்ட ஒரு கடை பூட்டிக் கிடந்தது. அதன் வராந்தாவில் முசோகே என்ற முதியவர் படுத்திருப்பார். கடை ஒரு குஜராத்திக்காரருடையது. இந்தியர்களையெல்லாம் நாட்டைவிட்டு விரட்டியபோது, ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று வேலையாளான முசோகேயிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் முசோகே வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். துணியில் சுற்றிய சாவியை நீட்டினார். அந்த ஊர் வாத்தியார்தான் அவர் பேசியதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"உங்களுக்கு அப்படியே அப்பா முகமாம். அவர் சௌக்கியமான்னு கேக்குறார்."

பக்கத்தில் நின்ற கேரல் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பொய் வேண்டாம் என்று. நான் ஈரோட்டுக்காரன், அப்பா பாங்க் குமாஸ்தா என்று சொல்லியிருக்கலாம்.

"சௌக்கியம்," என்றேன். "அடுத்த வருஷம் வருவார். அதுவரைக்கும் நீங்களே வெச்சிருங்க."

சாவியை அவர் கையிலேயே வைத்து மூடினேன். பெரிய மனசு காட்டிவிட்டதாக எனக்கு நினைப்பு. முசோகே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் லாரியில் ஏறும்போதுதான் வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். முசோகேயின் மகள் டவுனிலிருந்து வந்து வந்து கூப்பிடுகிறாளாம். சாவியை ஒப்படைத்துவிட்டு அவளோடு போய்விடலாம் என்றுதான் அவர் என்னிடம் வந்தாராம்.

"இனிமே போக மாட்டார்," என்றார் வாத்தியார்.

இறங்கி ஓடியிருக்கலாம், ஐம்பது அடிதான். முசோகே கடைக்கூரையில் ஏறித் தகரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுத்த வருஷம் வாத்தியார் கேரலுக்குக் கடிதம் எழுதினார். கடைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, முதலாளி எந்த மாதம் வருவார் என்று முசோகே கேட்கிறார். கேரல் அதை என் மேசையில் வைத்தார். நான் பதில் போடவில்லை. அதற்கடுத்த கடிதத்தில், மழைக்காலத்தில் அதே வராந்தாவில் முசோகே இறந்துபோனதாக இருந்தது.

கேரலும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த சர்ச் கட்டடத்தை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். வாத்தியாரின் கடிதங்கள் நின்று எத்தனையோ வருஷமாகிறது. நான் சொன்னது பொய் என்று போய்ச் சொல்ல, அந்த ஊரில் இப்போது எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.