ஏழாம் பாடலும் இரண்டாம் கியரும்

காரோட்டுதல் என்பது இரு கைகளும் இரு கால்களும் கூடிச் செய்யும் வழிபாடு என்பது என் கருத்து. சங்ககிரியில் லாரிகளின் கியர் பெட்டிகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்த பொறியாளன் வேறு எவ்வாறு கருதுவேன்? இடக்காலைச் சும்மா அமர்த்திவைக்கும் ஆட்டோமேட்டிக் காரைச் சோம்பலின் தேர் என்றே அழைத்துவந்தேன்.

ஹெலிகாப்டர் மீதும் எனக்கு உயர்ந்த எண்ணம் இருந்ததில்லை. அதை ஓட்டுபவரின் கைகால் நான்கும் ஓயாது உழைக்கின்றன, அவரை வணங்குவேன். ஆனால் ஓரிடத்தில் நிற்பதற்கே அத்தனை ஆரவாரம் செய்யும் இயந்திரம், மௌனமாய் நின்றருளும் மூர்த்தியின் கோபுரத்துக்கு மேல் எதற்கு? எங்கள் ஊர்ச் சிவன் கோயில் குடமுழுக்குக்கு ஹெலிகாப்டரில் மலர் தூவத் திருப்பணிக் குழு முடிவு செய்தபோது, அது கிளப்பும் காற்றில் பூவெல்லாம் கோழிப்பண்ணைக்குத்தான் போய்ச் சேரும் என்று எழுதியே கொடுத்தேன். சிரித்துவிட்டு, ஆறுதலாகப் பதிகம் ஓதும் பேற்றை எனக்குத் தந்தார்கள்.

பத்துப் பாடல்கள். தாளைப் பாராமல் ஒன்றும் விடாமல் ஓத வேண்டும் என்பது என் வேண்டுதல். நாள்தோறும் காலையில் கோயிலுக்குக் காரோட்டிச் செல்கையில் மனப்பாடம் செய்தேன். அதில்தான் பிழை நேர்ந்தது. பாடல்கள் நெஞ்சில் ஏறாமல் கியரில் ஏறிக்கொண்டன. வண்டி நகர்ந்தால் முதற்பாடல். கோழிப்பண்ணை முன்னுள்ள வேகத்தடையில் கிளச்சை மிதித்து இரண்டாம் கியருக்கு இறக்கினால் ஏழாம் பாடல்.

குடமுழுக்குக்கு முந்திய வாரம் இடது முழங்கால் வீங்கியது. கிளச்சைத் தொடவே கூடாது என்றார் மருத்துவர். ஆகவே மகள் தன் ஆட்டோமேட்டிக் காரில் என்னையும் மனைவியையும் அழைத்துச் சென்றாள்.

“காலுக்கு லீவுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்து வாங்கப்பா” என்றாள்.

மனத்துள் ஓதிக்கொண்டே வந்தேன். வேகத்தடையை அந்தக் கார் ஒரு முனகலும் இன்றித் தாண்டியது. ஆறாம் பாடலுக்குப் பின் எட்டாம் பாடல் வந்து நின்றது. ஏழைக் காணோம்.

கலசத்தில் நீர் வார்க்கும் நேரம் வந்தது. ஒலிபெருக்கியில் ஆறு பாடல்கள் தடையின்றி ஒலித்தன. ஏழாவதற்கு வாய் திறந்தேன், இடது கால் தானே தரையை அழுத்தியது, ஒன்றும் வரவில்லை. அக்கணம் தென்னைகளுக்கு மேலே ஹெலிகாப்டர் தோன்றியது. ஒலிபெருக்கியே அடங்கும் இரைச்சல். கண்களை மூடி உதடுகளை மட்டும் அசைத்தேன். அது அகன்றதும் எட்டாம் பாடலைக் கணீரென்று எடுத்தேன். அந்தச் சத்தத்திலும் நிறுத்தாமல் ஓதினேன் என்று குழுத் தலைவர் பொன்னாடையே போர்த்திவிட்டார்.

திரும்பும் வழியில் பின்னிருக்கையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“ஏனுங்க, உங்க ஒதட்டையே பாத்துட்டிருந்தேன், ஏழாம் பாட்டுல சாமியப் பப்பாளி, பப்பாளின்னுங்களா கும்பிட்டீங்க?”

மகள் சிரித்த சிரிப்பில் கார் சற்றே வளைந்தது. நான் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் மனைவி கேலி செய்யவில்லை. வேகத்தடை நெருங்கியதும் மகளிடம், “மெல்லப் போ சாமி” என்றாள். பிறகு தொண்டையைச் செருமி, எங்கள் பழைய காரின் கியர் இறங்கும் உறுமலை அப்படியே எழுப்பினாள். இத்தனை ஆண்டுகள் என் பக்கத்தில் அமர்ந்து கேட்டவள் அல்லவா!

என் இடது கால் வெறும் கால்விரிப்பை அழுத்தியது. ஏழாம் பாடல் வந்தது.

காரை நிறுத்தச் சொன்னேன். பண்ணைக் கூரை முழுவதும் செவ்வந்தி இதழ்கள். பக்கக் கண்ணாடியில் கோபுரம் சிறியதாய்த் தெரிந்தது. அதை நோக்கிக் கைகூப்பி, ஒரு சொல்லும் விடாமல் ஓதி முடித்தேன்.