காற்றை உள்ளே இழுத்த கார்

நம்பினால் நம்புங்கள். யார் காதிலும் பூ சுற்ற எனக்கு நேரமில்லை. இதை எழுதும்போதுகூட என் வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி கிடையாது. பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது.

நான் கார் ஏசி மெக்கானிக். பதினான்கு வருஷ அனுபவம். அதே ஷெட்டில் என் வீட்டுக்காரர் டிங்கரிங், பெயின்டிங் பார்க்கிறார். அவருக்கு நான் வைத்த பேர் ரேடியோ. அணைக்க சுவிட்ச் இல்லாத ரேடியோ.

அன்று காலையில் ஒரு டீச்சர் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டார். ஐம்பது வயதிருக்கும்.

"ஃபேன் போட்டா காத்தே வரலைங்க. ரெண்டு வருஷமா ஜன்னலைத் திறந்துவெச்சுதான் ஓட்டறேன்."

"இதுவரைக்கும் யாரும் பாக்கலையா?"

"நாலு பேர் பாத்தாங்க. பாதியில விட்டுட்டாங்க."

அவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு திமிர்.

மதியம் 1.10க்கு ஆரம்பித்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. இடதுபக்க டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, காற்றைத் தள்ளும் மோட்டாருக்குக் கரன்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தேன். வந்தது. சுவிட்சைப் போட்டதும் சத்தமும் கேட்டது. ஆனால் முன்னால் இருக்கும் நான்கு துவாரங்களிலும் காற்று இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கும் என்று உருவினேன். அது புத்தம் புதிதாக இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்துத் துவாரத்துக்கு முன்னால் பிடிப்போம். காற்று லேசாக வந்தால்கூட அது நம் பக்கம் ஆடும். 1.25க்குப் பிடித்தேன்.

அது உள்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று வெளியேதான் வரும். இப்படி இழுக்காது. எரிச்சலோடு மோட்டாரின் வயரைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை.

ஹ்ஹ்ஹ்...

ஒரு இடைவெளி.

ஹ்ஹ்ஹ்...

எந்த மோட்டாரும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காது. இருந்தாலும் கையை உள்ளே விட்டுத் தடவினேன். காற்றாடி அசையாமல் நின்றிருந்தது.

அடுத்த நொடி சுற்றியது.

சதக்!

மூன்று விரல்கள் எலும்புவரை வெட்டுப்பட்டன. அலறினேன். ரத்தம் கீழே சொட்டவில்லை... டேஷ்போர்டில் மேல்நோக்கி ஓடித் துவாரத்துக்குள் போனது.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். துணியைக் கிழித்து என் கையைக் கட்டினார்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறதே உனக்குப் பொழப்பு. நகரு, நான் கழட்டறேன்."

"வேணாங்க... இறங்குங்க..."

அவர் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்தார். மணி 1.41.

டப்! கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது.

நான்கு கண்ணாடிகளும் மேலே ஏறின. சாவி உள்ளே இருந்தது. பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஹ்ஹ்ஹ்... ஹ்ஹ்ஹ்...

அவர் கண்ணாடியை இரண்டு கைகளாலும் அடித்தார். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. வாயே மூடாத மனுஷன்... உதடு நீலமானது. அவருடைய கழுத்தில் நான்கு விரல் பதிகிற மாதிரி சதை உள்ளே அமுங்கியது.

யாரும் தொடாமலே.

சுத்தியலால் அடித்தேன். கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

இரண்டாவது அடி.

மூன்றாவது அடி.

அவர் கண்கள் மேலே செருகின.

நான்காவது அடியில் கண்ணாடி வெடித்தது. ஒரு துண்டுகூட வெளியே விழவில்லை. அத்தனையும் அவர் முகத்தில் பாய்ந்தது. காலரைப் பிடித்து ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்துப் போட்டேன்.

மணி 1.46. மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாட்கள் அவர் கண் திறக்கவில்லை. மூன்றாவது நாள் மாலை 5.20க்கு டீச்சர் பார்க்க வந்தார். கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரரும் அந்தக் கார்லதான்மா போனாரு. நல்ல வெயில். அவருக்கு ஆஸ்துமா வேற. கதவு திறக்கலை. நான் வீட்டுக்குள்ள போயி சாவியைத் தேடி எடுக்கறதுக்குள்ள... ஒரு அஞ்சு நிமிஷம்..."

கட்டிலில் இருந்து ஒரு கை நீண்டது. டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தது.

"பதினேழு."

என் வீட்டுக்காரரின் வாய். ஆனால் அது அவர் குரல் இல்லை. கண்கள் மூடியே இருந்தன.

கடக்...

எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தக் கையை விடுவிக்க இரண்டு நர்ஸ்கள் வேண்டியிருந்தது.

டீச்சரின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"என் வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா என்னை அந்தக் காருக்குள்ள போட்டுப் பூட்டுவாரு. உள்பக்கத்துப் பிடியெல்லாம் அவரே கழட்டி வெச்சிருந்தாரு. அன்னைக்கு அவரு உள்ள இருந்தாரு. நான் கதவைச் சாத்தினேன். சாவி என் கையிலதாம்மா இருந்துச்சு."

எனக்கு டீச்சர்மேல் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். பழையபடி ஓயாமல் பேசுகிறார். எதுவும் ஞாபகம் இல்லை என்கிறார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போன வாரம் இரண்டு பேரும் எங்கள் காரில் கிளம்பினோம். அதற்குமுன் ஒரு சின்ன விஷயத்துக்கு அவரோடு சண்டை போட்டிருந்தேன். உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். என் பக்கத்துக் கதவில் உள்பக்கப் பிடி இல்லை.

"பெயின்ட் அடிக்கலாம்னு கழட்டினேன்," என்றார்.

உள்பக்கப் பிடியைக் கழற்றி யாரும் பெயின்ட் அடித்து இந்தப் பதினான்கு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.